எந்த வரியிலும் இல்லாத பெண்: நலவாழ்வு ஆய்வுகளும் ஊடுவெட்டுப் பார்வையும்

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019–21-இல் நடந்தது. 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்றது அது. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இந்த எண்ணை அறிக்கையின் அட்டவணை பல விதமாகப் பிரித்துக் காட்டுகிறது: நகரமா கிராமமா, எத்தனை ஆண்டு படிப்பு, எந்த மதம், எந்தச் சாதிப் பிரிவு, செல்வ நிலையில் எந்தப் படி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரிகள். திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளையில் கல் அறுக்கும் ஓர் இருளர் பெண்ணை இந்த அட்டவணையில் தேடிப் பாருங்கள். ‘கிராமம்’ என்ற வரியில் நூறு ஏக்கர்க்காரர் வீட்டுப் பெண்ணோடு சேர்ந்திருக்கிறார். ‘பழங்குடி’ வரியில் அரசு வேலையில் இருக்கும் வேறொரு பழங்குடிப் பெண்ணோடு இருக்கிறார். ‘பள்ளிக்குப் போகாதவர்’ வரியில் சொந்த நிலத்தில் பயிர் வைக்கும் பெண்ணோடு இருக்கிறார். எல்லா வரியிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அவருடைய நிலையைச் சொல்லும் வரி மட்டும் எங்கும் இல்லை.

இந்தக் குறையைப் பேசுவதுதான் இன்டர்செக்ஷனாலிட்டி: சாதி, பாலினம், வறுமை போன்றவை ஒரே ஆளிடம் சந்திக்கும்போது உருவாகும் நிலையை, அவற்றைத் தனித்தனியே பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது என்ற கருத்து. தமிழில் சிலர் ‘குறுக்குவெட்டு’ என்கிறார்கள். ஆனால் ஒரே சமயத்தில் எடுக்கப்படும் கணக்கெடுப்பைக் ‘குறுக்குவெட்டு ஆய்வு’ என்று சொல்லும் வழக்கம் புள்ளியியலில் இருப்பதால் குழப்பம் வருகிறது. எனவே இங்கே ‘ஊடுவெட்டு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம்.

சொல் பிறந்த இடம் மருத்துவம் அல்ல, நீதிமன்றம். 1976-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மேல் வழக்காடித் தோற்றார்கள். அந்த ஆலை 1964-க்கு முன் கறுப்பினப் பெண்கள் யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. பின்னால் ஆள்குறைப்பு வந்தபோது ‘கடைசியில் வந்தவர் முதலில் வெளியே’ என்ற விதிப்படி 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அனைவரும் வேலை இழந்தார்கள். ஆலையில் பெண்களுக்கு முன்பே வேலை கொடுத்திருக்கிறார்கள், எனவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். அப்படி வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்கள். இனப் பாகுபாடு என்றால் அதே நிறுவனத்தின்மேல் நடக்கும் இன்னோர் இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. இரண்டையும் சேர்த்து ஒரு புதிய வகையாக ஏற்க முடியாது என்று முடித்துவிட்டது. இந்தத் தீர்ப்பை எடுத்துவைத்துத்தான் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் அந்தச் சொல்லை எழுதினார். ‘பெண்களும் சிறுபான்மையினரும்’ என்று பொதுச் சுகாதார ஏடுகளில் வழக்கமாக வரும் தொடரில் கறுப்பினப் பெண் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று 2012-இல் அமெரிக்க ஆய்வாளர் லிசா போலெக் கேட்டார். நலவாழ்வு ஆய்வுகளில் இந்தப் பேச்சு பரவ அந்தக் கேள்வி பெரிய காரணம்.

நம் ஊரில் இந்தக் கருத்து இறக்குமதிச் சரக்கு அல்ல. ‘சாதி, வர்க்கம், பாலினம் என்ற மும்மடங்கு ஒடுக்குமுறை’ என்று தலித் பெண்கள் இயக்கங்கள் நெடுநாளாகச் சொல்லி வருகின்றன. ஆய்வாளர் கவனிக்க வேண்டியது ‘மும்மடங்கு’ என்ற சொல்லை. கூட்டினால் மும்மடங்கா, பெருக்கினால் மும்மடங்கா, அல்லது கூட்டவும் பெருக்கவும் முடியாத வேறொரு அனுபவமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் ஆய்வில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் ஒரு கணக்கில் காட்டலாம். அதற்கு முன் கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தைப் பார்ப்போம்.

கீதா சென், அதிதி ஐயர் ஆகியோர் கொப்பளின் 60 கிராமங்களில் வீடுவீடாகத் திரட்டிய தரவை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நாட்பட்ட நோய் வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள்: சிகிச்சைக்கே போகாதவர், போய் நடுவில் நிறுத்தியவர், தொடர்பவர். மேல்தட்டில் வசதியுள்ள ஆண்கள், அடித்தட்டில் ஏழைப் பெண்கள் என்பது எவரும் எதிர்பார்ப்பதே. புதுமை நடுவில் இருந்தது. வசதியுள்ள பெண்களும் ஏழை ஆண்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்று என்று எழுதிவிடுவார். ஆனால் வசதியுள்ள பெண்ணுக்குச் சிகிச்சை கிடைத்தது வீட்டில் பணம் இருந்ததால், அதாவது வர்க்கத்தின் பலத்தில். ஏழை ஆணுக்குக் கிடைத்தது வீட்டின் முதல் பங்கு அவருக்கு என்பதால், அதாவது பாலினத்தின் பலத்தில். ஒருவருக்கு ஊன்றுகோல் பணம், மற்றவருக்கு ஆண் என்ற நிலை. ஏழைப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை.

ஏழை வீட்டில் நடப்பதை இந்த ஆய்வாளர் குழு பங்கீட்டுப் பாரபட்சம் என்ற கோணத்தில் விளக்கியது. காசு எல்லோருக்கும் போதாதபோது யாருக்கு வைத்தியம், யாருக்குக் கஷாயம் என்று குடும்பம் பங்கிடுகிறது. அந்தப் பங்கீட்டில் பெண் பின்னுக்குப் போகிறாள். வசதியான வீட்டில் அந்த நெருக்கடி இல்லை. அங்கே பாகுபாடு இருந்தால் அது காசுக் குறைவால் வந்தது அல்ல. திட்டம் போடுபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். மருந்தை இலவசமாக்கினால் பங்கீட்டின் நெருக்கடி தளரும், ஏழைப் பெண்ணுக்கு ஓரளவு பலன் உண்டு. ஆனால் மருத்துவமனைக்குப் போய்வரப் பேருந்துக் காசும், ஒருநாள் கூலி இழப்பும், துணைக்கு ஆளும் வேண்டும் என்றால் பங்கீடு அப்படியே அடுத்த செலவுக்கு நகர்ந்துவிடும்.

இனி கணக்கு. எளிதாக இருக்கக் கற்பனை எண்களையே எடுத்துக்கொள்வோம். நான்கு குழுக்கள், குழுவுக்கு 500 பேர். நாட்பட்ட நோய்க்குச் சிகிச்சையை நடுவில் நிறுத்தியவர்கள்: வசதியுள்ள ஆண்களில் 10 சதவீதம், வசதியுள்ள பெண்களில் 20, ஏழை ஆண்களில் 22, ஏழைப் பெண்களில் 45.

கூட்டல் வழியில் பாருங்கள். பெண் என்பதால் 10 புள்ளி கூடுகிறது, ஏழை என்பதால் 12 கூடுகிறது. இரண்டும் தனித்தனியே வேலை செய்தால் ஏழைப் பெண்களிடம் 10 + 10 + 12 = 32 சதவீதம் வர வேண்டும். வந்திருப்பது 45. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் 13 புள்ளி மிகை. 500 பேரில் 65 பெண்கள். அந்த 13 புள்ளிக்கு 95 சதவீத நம்பக எல்லை (மாதிரியின் தற்செயலைக் கணக்கில் கொண்டால் உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு) சுமார் 6 முதல் 20 வரை, எனவே தற்செயல் என்று தள்ள முடியாது.

இப்போது பெருக்கல் வழி. பெண் என்றால் ஆபத்து 2 மடங்கு, ஏழை என்றால் 2.2 மடங்கு. பெருக்கினால் 4.4 மடங்கு. உண்மையில் இருப்பது 4.5. ஏறக்குறைய ஒன்றே, எனவே ‘ஊடாட்டம் இல்லை’, அதாவது ஒன்று மற்றதன் விளைவை மாற்றவில்லை, என்று ஆகிவிடுகிறது. இதே தரவை லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற வழக்கமான புள்ளியியல் முறையில் போட்டுப் பாலினம், வறுமை, இரண்டின் பெருக்கம் என்று மூன்று மாறிகளை வைத்தால் பெருக்கத்தின் வாய்ப்பு விகிதம் 1.29 வரும் (1 என்றால் ஊடாட்டமே இல்லை), பி மதிப்பு சுமார் 0.28. வழக்கமான வரம்பான 0.05-ஐவிட இது அதிகம். ஆய்வேட்டில் ‘பாலினத்துக்கும் வறுமைக்கும் இடையே குறிப்பிடத்தக்க ஊடாட்டம் காணப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதப்படும். அந்த 65 பெண்கள் அந்த வரிக்கு அடியில் போய்விடுவார்கள்.

லாஜிஸ்டிக் ரிக்ரஷன் தன் இயல்பிலேயே பெருக்கல் அளவுகோலில் ஓடுவதுதான் காரணம். மென்பொருளில் தெரியும் எண்ணையே விடை என்று எடுத்துக்கொள்வது மிகவும் பரவலான பிழை. எத்தனை பேர் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறார்கள், யாருக்கு முதலில் செவிலியரை அனுப்ப வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத்தின் கேள்வி என்றால் கூட்டல் அளவுகோல்தான் விடை தரும். அதற்குத் தனியான அளவு உண்டு: வசதியுள்ள ஆண்களோடு ஒப்பிட்ட மூன்று ஆபத்து விகிதங்களை எடுத்து, இரண்டும் சேர்ந்தவரின் விகிதத்திலிருந்து தனித்தனி விகிதங்களைக் கழித்து, ஒன்று கூட்டுவது. நம் கணக்கில் 4.5 − 2 − 2.2 + 1 = 1.3. பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் சந்திப்பில் மிகை இருக்கிறது. இரண்டு அளவுகோலையும் நான்கு குழுக்களின் நேரடிச் சதவீதத்தோடு சேர்த்து அச்சிட வேண்டும். நான்கு சதவீதங்களைக் கொடுத்துவிட்டால் படிப்பவர் எந்தக் கணக்கையும் தானே போட்டுக்கொள்வார். அதைக்கூடத் தராத கட்டுரைகள் ஏராளம்.

அடுத்த பிழை இன்னும் ஆழமானது, ‘கட்டுப்படுத்துதல்’: மற்றக் காரணிகளைக் கணக்கில் சமமாக்கிவிட்டு ஒன்றின் விளைவை மட்டும் பார்ப்பது. சாதிக்கும் குழந்தை இறப்புக்கும் தொடர்பு தேடுகிறார்கள். முதல் புள்ளியியல் மாதிரியில் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. பிறகு செல்வம், தாயின் படிப்பு, கழிப்பறை, குடிநீர் எல்லாவற்றையும் சேர்த்துக் ‘கட்டுப்படுத்திய’ பின் சாதியின் எண் சுருங்கி முக்கியத்துவம் இழக்கிறது. முடிவுரையில் ‘சாதிக்குத் தனிப் பங்கு இல்லை, வறுமையே காரணம்’ என்று வருகிறது. நிலம் இல்லாமை, பள்ளியிலிருந்து விரட்டப்பட்டது, ஊருக்கு வெளியே குழாய் வராத இடத்தில் வீடு ஆகியவைதான் சாதி வேலை செய்யும் வழிகள். வழியை அடைத்துவிட்டு வண்டி வரவில்லை என்று சொல்வது போன்றது இது. செல்வத்தைச் சேர்ப்பது தவறல்ல. ஆனால் அப்போது கேட்கப்படும் கேள்வி மாறிவிடுகிறது: ‘ஒரே செல்வ நிலையில் உள்ளவர்களுக்குள் சாதி இன்னும் என்ன செய்கிறது?’ முதல் கேள்விக்கும் இதற்கும் தனித்தனி விடை உண்டு என்று கட்டுரையில் எழுத வேண்டும்.

அந்த இரண்டாவது கேள்விக்கும் விடை பூஜ்யம் அல்ல. ஒன்பது மாநிலங்களில் 2 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் எடுக்கப்பட்ட வருடாந்திர நலவாழ்வுக் கணக்கெடுப்பை வைத்து 2022-இல் வெளிவந்த ஆய்வில், உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிட்டால் பழங்குடியினரின் ஆயுள் எதிர்பார்ப்பு 4 ஆண்டுக்கு மேலும் தலித்துகளுடையது 3 ஆண்டுக்கு மேலும் முஸ்லிம்களுடையது ஏறக்குறைய 1 ஆண்டும் குறைவாக இருந்தது. பொருளாதார நிலை இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள்’ என்று ஐநா மகளிர் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. அது இறந்தவர்களின் சராசரி வயதை ஒப்பிட்டு வந்த எண். ஒரு சமூகத்தில் பிறப்பு விகிதம் கூடுதலாக இருந்து இளவயதினர் அதிகம் இருந்தால், இறப்பவர்களிலும் இளையோர் பங்கு கூடும், சராசரி வயது கீழே இறங்கும். ஆயுள் எதிர்பார்ப்பு என்பது ஒவ்வொரு வயதிலும் இறப்பு விகிதம் என்ன என்று தனித்தனியே கணக்கிட்டு வருவது. இரண்டையும் ஒன்றாக்கினால் அநீதி பெரிதாகத் தெரியும், ஆனால் அடுத்த கேள்வியில் வாதம் உடையும். 3 ஆண்டு இடைவெளியே பெரும் அநீதி. அதை உறுதியான எண்ணோடு சொல்வதே நல்லது.

தரவில் உள்ள பெட்டிகள், அதாவது வகைப்பிரிவுகள், எப்படிச் செய்யப்பட்டவை என்பதையும் பார்க்க வேண்டும். சாதியை எடுத்துக்கொள்வோம். 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி இந்துக்களுக்கும், பின்னர் 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் மட்டும். தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். எனவே ஒரே தெருவில், ஒரே தொழிலில், ஒரே தீண்டாமைக்கு நடுவே வாழும் இரண்டு பெண்களில் ஒருவர் ‘பட்டியல் சாதி’ பெட்டியிலும் மற்றவர் ‘இதர பிற்படுத்தப்பட்டோர்’ பெட்டியிலும் விழுகிறார்கள். மதத்தையும் சாதியையும் சேர்த்துப் பார்க்காத ஆய்வு அந்தத் தலித் கிறிஸ்தவப் பெண்ணை நிலவுடைமைச் சாதிப் பெண்களோடு சேர்த்துச் சராசரி எடுக்கும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று மாநிலம் பிரித்து வைத்திருப்பதையும் தேசிய ஆய்வின் பெட்டி ஒன்றாக்கிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒப்பிட வைத்திருக்கும் ‘மற்றவர்’ என்ற பெட்டி தமிழ்நாட்டில் மிகச் சிறியது. சிறிய பெட்டியை அடிக்கல்லாக வைத்தால் அதன்மேல் எழும் எல்லா விகிதமும் ஆடும். பெரிய குழுவை அடிப்படையாக வைப்பது, அல்லது மாநிலச் சராசரியிலிருந்து ஒவ்வொரு குழுவின் விலகலைக் காட்டுவது மேல்.

செல்வக் குறியீட்டுக்கும் இதே கதை. வீட்டில் உள்ள பொருட்கள், கூரை, தரை, கழிப்பறை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, நாடு முழுவதையும் ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சியும் மின்விசிறியும் வீட்டில் இருந்தாலே மதிப்பெண் கூடும். நாடு தழுவிய படிகள் என்பதால் தமிழ்நாட்டில் கடைசிப் படியில் ஆட்கள் குறைவு. அதைவிட முக்கியமாக, அந்த மதிப்பெண் வீட்டுக்கு ஒன்றே. கணவரின் இருசக்கர வண்டி மனைவியின் செல்வமாகவும் கணக்காகும். அவரால் அதை விற்று மருந்து வாங்க முடியுமா என்பது எந்தக் கேள்வியிலும் இல்லை. பாலினத்தையும் வர்க்கத்தையும் சேர்த்து ஆராய்பவர், பெண்ணின் கையில் உள்ள பணம், சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, மருத்துவமனைக்குத் தனியே போக முடியுமா என்ற கேள்விகளைச் செல்வக் குறியீட்டோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

மாதிரி அளவில்தான், அதாவது எத்தனை பேரிடம் கேட்கிறோம் என்பதில்தான், பெரும்பாலான நல்லெண்ண ஆய்வுகள் உடைகின்றன. ஆண்/பெண் 2, சாதிப் பிரிவு 4, செல்வப் படி 5, நகரம்/கிராமம் 2, வயதுப் பிரிவு 3 என்று வைத்தாலே 240 கட்டங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வு ஐந்தில் தமிழ்நாட்டில் 25,650 பெண்களும் 3,372 ஆண்களும் பேசினார்கள். ஆண்களிடம் எல்லா வீட்டிலும் கேட்பதில்லை, 15 சதவீத வீடுகளில் மட்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 1.1 சதவீதம். அதே விகிதம் மாதிரியிலும் இருந்தால் பழங்குடி ஆண்கள் சுமார் 37 பேர். ஐந்து செல்வப் படியில் பரப்பினால் படிக்கு ஏழெட்டு. ‘பழங்குடி ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள இடைவெளி’ என்று இந்தத் தரவிலிருந்து யாராவது மாநில அளவில் பேசினால் அந்த எண்ணிக்கை எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

ஒரு பொது விதி: சம அளவுள்ள நான்கு குழுக்களில், ஒரு தனிக் காரணியின் விளைவைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டுமோ, அதே அளவுள்ள ஊடாட்டத்தைக் கண்டுபிடிக்க நான்கு மடங்கு பேர் வேண்டும். ஊடாட்டம் பாதி அளவுதான் என்றால் பதினாறு மடங்கு. எனவே ஊடுவெட்டை ஆய்வின் முடிவில் நினைவுக்கு வந்து சேர்ப்பது பயன் தராது. மாதிரி எடுக்கும் நாளிலேயே தீர்மானிக்க வேண்டும். எந்தச் சந்திப்புகள் இந்த ஆய்வுக்கு முக்கியம் என்று நான்கைந்தைக் காரணத்தோடு எழுதிவைத்து, சிறிய குழுக்களிலிருந்து விகிதத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கையை எடுத்து, பிறகு மக்கள்தொகையில் அவர்களுடைய உண்மையான பங்குக்கு ஏற்ப எடை போட்டுச் சரிசெய்வது வழக்கமான வழி. எடைகள் மிகவும் ஏறுமாறாக இருந்தால் மொத்த மதிப்பீட்டின் துல்லியம் குறையும். அந்த விலையைத் தெரிந்தே கொடுக்க வேண்டும்.

கிராமத்தில் வீட்டுப் பட்டியல் எடுக்கும் விதத்திலும் ஆட்கள் காணாமல் போகிறார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வலது கைப் பக்கமாகத் தொடங்கி எண்ணிக்கொண்டு போனால் ஊர்த் தெருவிலேயே தேவையான வீடுகள் முடிந்துவிடும். வாய்க்காலுக்கு அப்பால் உள்ள காலனியும், ஏரிக்கரைக் குடிசைகளும், சூளைக்குள்ளேயே தங்கியிருப்பவர்களும் வரைபடத்தில் வரமாட்டார்கள். எனவே முதலில் எல்லாக் குடியிருப்புகளையும் பெயரோடு பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் வீடுகளை எடுக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்துக்கு ஆட்களை வரச்சொல்லிக் கேள்வி கேட்பதும் கூடாது. அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். பதிலும் அதற்கேற்ப வரும்.

கட்டங்கள் பல, ஆட்கள் சில என்ற சிக்கலுக்கு அண்மைக் காலத்தில் பிரபலமான புள்ளியியல் வழி ஒன்று உண்டு. மெர்லோ, எவன்ஸ், எஸ்.வி. சுப்பிரமணியன் முதலியோர் 2018 வாக்கில் முன்வைத்தது. சுருக்கப் பெயர் மைடா (MAIHDA). மாணவர்கள் பள்ளிகளுக்குள் இருப்பதுபோல, ஆட்கள் சமூகக் கட்டங்களுக்குள் இருக்கிறார்கள் என்று வைத்துப் பல அடுக்கு மாதிரி ஓட்டுவது. முதல் மாதிரியில் கட்டங்களை மட்டும் வைத்து, மொத்த வேறுபாட்டில் எவ்வளவு கட்டங்களுக்கு இடையே இருக்கிறது என்று பார்க்கிறார்கள். இரண்டாவதில் பாலினம், சாதி, செல்வம் ஆகியவற்றைத் தனித்தனியே சேர்க்கிறார்கள். அதற்குப் பிறகும் கட்டங்களுக்கு இடையே மிஞ்சும் வேறுபாடு சந்திப்பால் வந்தது.

இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. சிறிய கட்டத்தின் மதிப்பீட்டை இந்த முறை எதிர்பார்த்த சராசரியை நோக்கி இழுக்கும். தற்செயல் ஏற்ற இறக்கத்தை அடக்கும் நல்ல குணம்தான் அது. ஆனால் மிகச் சிறிய குழுவே மிக மோசமான நிலையில் இருந்தால் அவர்களுடைய மோசத்தையும் சேர்த்து அடக்கிவிடும். இரண்டாவது, மிஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் சிறிதாகத்தான் வரும். அதைப் பார்த்து ‘ஊடுவெட்டு இங்கே இல்லை’ என்று எழுதுகிறார்கள். தனித்தனி விளைவுகள் கூடியே ஒரு குழுவை அடித்தட்டில் தள்ளியிருந்தால் அதுவும் அநீதிதான். அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை முதல் மாதிரியே காட்டிவிடுகிறது. கட்டங்கள் இருபதுக்குக் குறைவாக இருந்தால் இந்த முறையை விட்டுவிட்டு நேரடி அட்டவணையே போடலாம்.

எண்கள் ‘எவ்வளவு’ என்று சொல்லும். எப்படி என்பதற்கு மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் போகிறார்கள். தலித்துகளும் நாடோடிப் பழங்குடியினரும் பிற்பட்ட சாதியினரும் அதிகம். ஒப்பந்தக்காரர் கணவன் மனைவியைச் சேர்த்து ஓர் அலகாக எடுக்கிறார். அந்த ஜோடிக்கு ‘கொய்தா’ என்று பெயர், அரிவாள் என்று பொருள். முன்பணம் ஜோடிக்கு. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதமும் ஜோடிக்கு. தங்கும் கூடாரத்தில் கழிப்பறையும் குளிக்கத் தண்ணீரும் இல்லை. மாதவிடாய் வலி, வெள்ளைப்படுதல், தொற்று என்று தனியார் மருத்துவமனைக்குப் போனால் புற்றுநோய் வரும் என்று பயமுறுத்திக் கருப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். 2019-இல் மாநில அரசின் குழு சுமார் 82,000 கரும்பு வெட்டும் பெண்களைக் கணக்கெடுத்தபோது 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

அதே சாதி ஆணுக்கு இந்த ஆபத்து இல்லை. அதே மாவட்டத்தில் வீட்டிலேயே இருக்கும் வசதியான பெண்ணுக்கு அபராதம் இல்லை. ஜோடிக்கு அபராதம் என்ற ஒப்பந்தமும், பெண்ணுடலின் மாத ஓய்வும், தண்ணீர் இல்லாத கூடாரமும், கடனும், கட்டுப்பாடற்ற மருத்துவமனையும் ஒரே ஆளின்மேல் வந்து இறங்கியதால்தான் கருப்பை போனது. கேள்வித்தாளில் ‘சாதி: 1, பாலினம்: 2’ என்று குறித்தால் இது கிடைக்காது. மாவட்ட நிர்வாகம் பின்னர், அரசு மருத்துவரின் அனுமதியோடுதான் கருப்பை அறுவை செய்ய வேண்டும் என்று விதித்தது. அறுவையைத் தடுக்க அது உதவும். விடுப்புக்கு அபராதம் போடும் ஒப்பந்தத்தை அது தொடவில்லை. ஆய்வில் எந்த இழை விடுபடுகிறதோ, திட்டத்திலும் அதே இழை விடுபடும்.

எனவே நேர்காணலில் கேள்வி கேட்கும் விதமும் முக்கியம். ‘உங்களை அப்படி நடத்தியது பெண் என்பதாலா, சாதியாலா?’ என்று கேட்டால் தன் வாழ்க்கையைக் கூறுபோட்டுத் தரச் சொல்வதாகிவிடும். அன்றாடப் பாகுபாட்டை அளக்கும் அளவுகோல்களில் நல்லவை முதலில் நடந்ததைக் கேட்கும்: மருத்துவமனையில் தொடாமல் பார்த்தார்களா, பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிட்டார்களா, பிரசவ அறையில் வைதார்களா. ‘ஏன் என்று நினைக்கிறீர்கள்?’ என்பது பிறகு. அந்தப் பதிலில் எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்ல இடம் இருக்க வேண்டும்.

இலங்கையில் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்தில் வேறொரு விதமான மறைப்பு. 2016 மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியவர்கள் நாட்டளவில் 17.3 சதவீதம், தோட்டத்துறையில் 31.7 சதவீதம். ‘தோட்டம்’ என்பது நகரம், கிராமம் போல ஓர் இடப் பிரிவு. 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துத் தொழிலாளராவது தங்கியிருக்கும் பெருந்தோட்டம் என்பது அதன் வரையறை. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்ட இந்திய வம்சாவளி மக்களின் வரலாறு, லயத்து அறை (தொழிலாளருக்கான வரிசை வீட்டின் ஒற்றை அறை), குறித்த கிலோ கொழுந்து சேராவிட்டால் ‘அரைப் பேர்’ என்று கூலியை வெட்டும் முறை, கொழுந்தெடுப்பது பெரும்பாலும் தாய்மார் என்பது, எல்லாம் ஓர் இடப்பெயருக்குள் சுருங்கிவிடுகின்றன. அந்த இடைவெளியாவது தெரிகிறதே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. தோட்டத்தை விட்டு அருகிலுள்ள கிராமத்துக்குக் குடிபெயர்ந்த குடும்பமும், கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன மகளும் ‘கிராமம்’, ‘நகரம்’ என்ற பெட்டிகளுக்குள் போய்ச் சராசரியில் கரைந்துவிடுகிறார்கள். இடத்தோடு இனத்தையும் தொழிலையும் குறுக்கே வைத்துப் பார்த்தால்தான் அவர்கள் தெரிவார்கள்.

மறுபக்கம் ஓர் ஆபத்தும் உண்டு. கட்டங்களை நுணுக்கிக்கொண்டே போனால், ‘இந்த ஒன்றியத்தில் மாற்றுத்திறனுள்ள, கணவரை இழந்த, இன்ன சாதிப் பெண்’ என்ற கட்டத்தில் ஒரே ஒருவர் இருப்பார். அட்டவணையை வெளியிட்டால் ஊருக்கே அவர் யார் என்று தெரியும். எச்ஐவி, கருக்கலைப்பு, மனநலம் பற்றிய ஆய்வுகளில் இது விளையாட்டல்ல. அதற்காகச் சிறிய கட்டங்களை ‘மற்றவை’யில் கொட்டிவிடுவது எளிய வழி, மோசமான வழி. பல சுற்றுத் தரவுகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டலாம், பல மாவட்டங்களில் ஒத்த நிலையில் உள்ளவர்களைச் சேர்க்கலாம், அவர்களோடு அவர்கள் சம்மதத்தில் தனி நேர்காணல் செய்யலாம்.

தேசியக் குடும்ப நல ஆய்வுக்கு ஒரு வழக்கம் உண்டு. 25 முதல் 49 பேர்வரை உள்ள கட்டத்தின் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடும். 25-க்கும் குறைந்தால் எண்ணே கிடையாது, ஒரு நட்சத்திரக் குறி மட்டும். புள்ளியியலுக்கு அது நேர்மையான வழக்கம். அந்த நட்சத்திரங்கள் எந்தெந்த வரிகளில் விழுகின்றன என்று ஒரு தாளில் எடுத்து எழுதிப் பாருங்கள். எந்தெந்தக் குழுக்களைப் பற்றி அந்தச் சுற்று எதுவுமே சொல்லவில்லை என்பது அதில் தெரியும். அடுத்த சுற்றில் எங்கே கூடுதல் வீடுகள் எடுக்க வேண்டும் என்பதற்கு அந்தத் தாளே பட்டியல். செங்கல் சூளைப் பெண்ணைத் தேடத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.